விமானம் விழுந்ததைக் கண்டவரும் கடலில் கிடந்த தகடும்: விபத்து விசாரணையில் சாட்சிகளை எப்படி எடைபோடுகிறார்கள்?

சீனன்குடா ஓடுபாதையிலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்களின் இரைச்சல் திருகோணமலைக்காரருக்குப் பழகிப்போனது. 2023 ஓகஸ்ட் 7ஆம் திகதி அங்கிருந்து கிளம்பிய விமானப்படையின் பி.டி-6 ரகப் பயிற்சி விமானம் ஒன்று விழுந்து நொறுங்கி, அதில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். எங்கே விமானம் விழுந்தாலும் முதல் சில மணி நேரத்தில் நமக்குக் கிடைப்பது கண்டவர்களின் பேச்சு மட்டும்தான். "வானத்திலேயே தீப்பிடித்தது", "எஞ்சின் நின்றுபோன சத்தம் கேட்டது", "ஏதோ வந்து மோதியது" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மாலைக்குள் அவை வட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிடும். பல மாதங்களுக்குப் பிறகு அறிக்கை வரும். அதில் வேறு கதை இருக்கும். அப்போது கண்டவர் பொய்யராகிவிடுவார், அல்லது அறிக்கை எழுதியவர் பொய்யராகிவிடுவார்.

இரண்டுமே பெரும்பாலும் தவறு. கண்டவர் சொல்வதையும் சிதைவுகள் காட்டுவதையும் விசாரணையாளர்கள் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தச் சண்டையில் பாதி அடங்கிவிடும். விமானப் பொறியியல் படிக்காதவர்களும் விளங்கிக்கொள்ளக்கூடிய விடயம்தான் இது.

சத்தம் வந்துசேரும் நேரம்

ஒரு கற்பனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டு மணி. நிலாவெளிக்கு அப்பால் கடலில் ஒரு சிறிய விமானம் விழுகிறது. மூன்று பேர் காண்கிறார்கள். ஒருவர் நிலாவெளிக் கரையில் நிற்கும் கரைவலைக்காரர், விழுந்த இடத்திலிருந்து 3 கிலோமீற்றர் தூரம். மற்றவர் கோணேசர் கோயில் மலையில் நிற்கிறார், 12 கிலோமீற்றர். மூன்றாமவர் மூதூர்ப் பக்கம் வள்ளத்தில் இருக்கிறார், 25 கிலோமீற்றர்.

ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். ஒரு கிலோமீற்றருக்கு 3 வினாடி என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே கடலில் விமானம் மோதிய சத்தம் நிலாவெளிக்காரரின் காதுக்கு 9 வினாடியில் வரும். கோயில் மலையில் நிற்பவருக்கு 35 வினாடி ஆகும். மூதூர்க்காரருக்குக் கேட்டாலும் ஒரு நிமிடம் கடந்துதான் கேட்கும். ஒளியோ மூன்று பேருக்கும் கண நேரத்தில் வந்துவிடுகிறது.

இப்போது கோயில் மலையில் நிற்பவரை யோசித்துப் பாருங்கள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. "டமார்" என்று ஒரு சத்தம் கேட்டுத் திரும்புகிறார். தூரத்தில் நெருப்பும் புகையும் தெரிகின்றன. "முதலில் வெடித்தது, அப்புறம் தீப்பிடித்தது" என்று அவர் சொல்வார். அவர் அனுபவித்த வரிசை அதுதான், ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அரை நிமிடத்துக்கு முன் நடந்ததன் ஒலி. கண்டது அந்தக் கணத்தில் நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் மனம் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. விமானம் விழத் தொடங்கிய நேரத்தில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே பிரச்சினை உண்மையில் மிகப் பெரிய அளவில் வந்தது 1996 ஜூலை 17ஆம் திகதி. நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ 800 என்ற போயிங் 747 விமானம், கிளம்பிச் சுமார் 12 நிமிடத்தில் லோங் ஐலண்ட் கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. 230 பேர் இறந்தார்கள். கரையிலும் படகுகளிலும் அதைக் கண்டவர்கள் ஏராளம். பதிவான 736 சாட்சியங்களில் 258 பேர் வானில் ஒளிக்கோடு ஒன்றைக் கண்டதாகச் சொன்னார்கள். சிலர் அது மேல்நோக்கிப் போனதாகவும் சொன்னார்கள். ஏவுகணை என்ற சந்தேகம் அங்கிருந்து கிளம்பி, இன்றுவரை சிலரிடம் நிற்கிறது.

விசாரணையாளர்கள் அந்த 258 பேரையும் தள்ளிவிடவில்லை. கடலடியிலிருந்து விமானத்தின் 95 சதவீதம் அளவிலான சிதைவுகளை எடுத்து, ஒரு பெரிய கொட்டகையில் உடற்பகுதியைத் துண்டு துண்டாகப் பொருத்தினார்கள். எந்தத் துண்டு கடலில் எங்கே கிடந்தது என்பதையும் குறித்து வைத்திருந்தார்கள். பறந்த பாதையில் விமான நிலையத்துக்கு மிக அருகில் விழுந்திருந்தவை, இறக்கைகள் உடலோடு சேரும் நடுப்பகுதியின் முன்புறத் துண்டுகள். அதற்கு அடுத்த இடத்தில் விமானத்தின் மூக்குப் பகுதி. கடைசியில் இறக்கைகளும் பின்னுடலும். பறக்கும் விமானத்திலிருந்து முதலில் கழன்றது முதலில் விழும். ஆகவே உடைவு தொடங்கிய இடம் அந்த நடுப்பகுதி, அங்கே இருந்தது நடு எரிபொருள் தாங்கி. மூக்கு கழன்ற பிறகும் மீதி விமானம் எரிந்தபடியே சிறிது நேரம் பறந்து சற்று மேலேறியிருக்கிறது. சாட்சிகளில் பெரும்பாலானோர் கண்ட ஒளிக்கோடு, அந்த எரியும் விமானத்தின் பயணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. தாங்கிக்குள் இருந்த ஆவி தீப்பற்றி வெடித்தது, பெரும்பாலும் மின்கசிவால் என்றது அறிக்கை.

இங்கே இன்னொரு செய்தியும் இருக்கிறது, இதைப் பலர் சொல்லாமல் விடுவார்கள். சிதைவுகளில் மூன்று இடங்களில் வெடிமருந்தின் நுண்துகள்கள் அகப்பட்டன. அதுவும் பௌதிகச் சான்றுதானே? ஆம். ஆனால் பக்கத்தில் குண்டு அல்லது ஏவுகணை வெடித்தால் உலோகத்தில் சிறு குழிகள் விழும், சூடான வாயு உருக்கிய தடம் இருக்கும், துளையின் விளிம்பு வெளியே மலர்ந்து நிற்கும். அப்படி ஒன்றுகூட அந்த விமானத்தில் இல்லை. அதே விமானம் 1991 வளைகுடாப் போரில் படையினரை ஏற்றிச் சென்றிருந்தது. துகள் எப்படி வந்தது என்று அறுதியாக முடிவு செய்ய முடியவில்லை. கண்ணால் கண்டதைப் போலவே, கையில் கிடைத்த பொருளும் தனித்து நின்றால் ஆளை ஏமாற்றும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பாதிப் பேர் தீயைக் கண்டார்கள்

2001 நவம்பர் 12ஆம் திகதி, நியூயோர்க்கில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் 587 என்ற எயார்பஸ் ஏ300 விமானம் ஒரு குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானத்தில் 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள். செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு மாதமும் ஒரு நாளும்தான் ஆகியிருந்தது. பட்டப்பகல், நெருக்கமான குடியிருப்பு, நூற்றுக்கணக்கான கண்கள்.

349 சாட்சியங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, 52 சதவீதமானோர் விமானம் வானில் இருக்கும்போதே தீயைக் கண்டதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கே தீ என்பதில் ஒற்றுமை இல்லை. உடலில் என்றார்கள், இடது எஞ்சினில் என்றார்கள், வலது எஞ்சினில் என்றார்கள், இறக்கையில் என்றார்கள். 18 சதவீதம் பேர் விமானம் வலப்பக்கம் திரும்பியது என்றார்கள். இன்னொரு 18 சதவீதம் பேர் இடப்பக்கம் என்றார்கள்.

உண்மையில் என்ன நடந்தது? முன்னே சென்ற பெரிய விமானம் ஒன்று கிளப்பிவிட்ட காற்றுச் சுழலில் இந்த விமானம் ஆடியது. அதைச் சமாளிக்கத் துணை விமானி வாலிலுள்ள சுக்கானை மாறி மாறி முழு வீச்சில் இரு பக்கமும் மிதித்தார். வால் பகுதியில் செங்குத்தாக நிற்கும் பாகம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் அடியோடு கழன்றது. விழுந்த இடத்தில் அந்தப் பாகம் இல்லை. அதற்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி, ஜமைக்கா குடா என்ற நீர்ப்பரப்பில் மிதந்துகொண்டிருந்தது. விமானம் தீப்பிடித்து விழவில்லை. வால் போன பிறகு விமானம் தாறுமாறாகத் திருகி, எஞ்சின்களும் கழன்றன. அந்தக் கட்டத்தில் எரிபொருள் சிந்தித் தீப்பற்றியிருக்கலாம், எஞ்சின் திணறிச் சுவாலை கக்கியிருக்கலாம். பலர் கண்ட தீக்கு விளக்கம் அங்கே இருக்கிறது. தீ உண்மை, ஆனால் அது விபத்தின் பின்பாதி. கண்டவர்கள் அதைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டார்கள்.

இடம் வலம் விடயத்தில் மனிதர்களை அவசரப்பட்டுக் குறை சொல்ல வேண்டாம். தெருவின் இந்தப் பக்கம் நிற்பவருக்கு வலது, அந்தப் பக்கம் நிற்பவருக்கு இடது. விமானத்தின் வலதா, தன் வலதா என்று யாரும் கேட்காவிட்டால் சாட்சி தன் வலதைத்தான் சொல்வார். ஏறுதல், இறங்குதலிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே உயரத்தில் நம்மை நோக்கி வரும் விமானம் தொடுவானிலிருந்து மேலே ஏறுவது போலவே தெரியும். இரவில் வெறும் விளக்கை மட்டும் வைத்துத் தூரத்தை மதிப்பிடவே முடியாது. நடுக்கடலில் வள்ளத்தின் விளக்கைக் கண்டு தூரம் தவறாகக் கணித்த அனுபவம் நம் கடற்றொழிலாளர் பலருக்கு இருக்கும்.

கண்ணைவிட நினைவுதான் இன்னும் சிக்கலானது. 1974இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டினார்கள். பிறகு கார்கள் எவ்வளவு வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு சொல் மட்டும் மாறியது. "மோதி நொறுங்கியபோது" என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40 மைலுக்கு மேல். "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 32 மைலுக்கும் கீழே. இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆனால் "நொறுங்கியது" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். "இடித்தது" என்று கேட்டவர்களில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். கேள்வி கேட்டவர் விட்ட ஒரு சொல் உள்ளே போய் நினைவாகிவிட்டது.

அதனால்தான் அனுபவமுள்ள விசாரணையாளர் "தீயைக் கண்டீர்களா?" என்று கேட்க மாட்டார். "என்ன கண்டீர்கள், தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்" என்பார். குறுக்கே பேச மாட்டார். கண்ட இடத்துக்கே அழைத்துப்போய், "எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் பார்த்தீர்கள், அந்தப் பனை உச்சிக்கு மேலேயா கீழேயா" என்று திசையையும் கோணத்தையும் அளந்துகொள்வார். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பார், தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பதற்கு முன்பே கேட்க முயல்வார். இந்த முறையில் கேட்டால் அதே சாட்சியின் சொல்லுக்கு மதிப்பு பல மடங்கு கூடும்.

உலோகம் சொல்பவை

விழுந்த இடத்துக்குப் போகும் விசாரணையாளர் முதலில் தேடுவது நான்கு முனைகளை: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். நான்கும் ஒரே இடத்தில் கிடந்தால் விமானம் முழுதாகவே வந்து மோதியிருக்கிறது. ஒன்று காணவில்லை என்றால் அது வழியில் கழன்றிருக்கிறது, அதைத் தேடிப் பின்னால் போக வேண்டும். ஜமைக்கா குடாவில் மிதந்த வால் கேள்வியைத் திருப்பிவிட்டது இப்படித்தான்.

அப்புறம் சின்னச் சின்னத் தடயங்கள். மெல்ல மெல்ல, பல பறப்புகளில் வளர்ந்த வெடிப்பு உலோகத்தின் உடைந்த முகத்தில் அலையலையான கோடுகளை விட்டிருக்கும். ஒரே அடியில் உடைந்தது கரடுமுரடாக இருக்கும். வானில் எரிந்த தீயின் கரி, காற்று அடித்த திசையில் பின்நோக்கி இழுபட்டிருக்கும். தரையில் எரிந்தது மேல்நோக்கிப் படிந்திருக்கும். தகடு கசங்கிய மடிப்புக்குள்ளும் கரி இருந்தால் கசங்குவதற்கு முன்பே தீ இருந்திருக்கிறது. மடிப்பின் உட்புறம் சுத்தமாக இருந்தால் தீ பிறகு வந்தது. சிறு விமானத்தின் விசிறித் தகடுகள் சுருண்டு, குறுக்கே கீறல் விழுந்திருந்தால் மோதும்போது எஞ்சின் விசையோடு சுழன்றுகொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு ஒன்றின் இழைகூடப் பேசும். எரிந்துகொண்டிருந்த பல்பின் சூடான இழை அதிர்ச்சியில் நீண்டு தொங்கும், அணைந்திருந்த பல்பின் குளிர்ந்த இழை அப்படி நீளாது. "எஞ்சின் நின்றுவிட்டது, சத்தமே இல்லை" என்று ஒரு சாட்சி சொன்னால், அதை உரசிப் பார்க்க இத்தனை கற்கள் இருக்கின்றன.

கண்டவர் சொல்லும் சிதைவும் எவ்வளவு அழகாகச் சேர முடியும் என்பதற்கு 1954 கொமெட் விபத்தைச் சொல்வேன். அந்த ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, ரோமிலிருந்து லண்டன் புறப்பட்ட கொமெட் ஜெட் விமானம் இத்தாலியின் எல்பா தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். விழுந்ததைக் கண்டவர்கள் மீனவர்கள். உடல்களைக் கரைசேர்த்தவர்களும் அவர்கள்தான். பைசாவில் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சுவாசப்பைகள் கிழிந்திருப்பதையும் மண்டையோடுகள் உடைந்திருப்பதையும் கண்டார். விமான அறையின் காற்றழுத்தம் திடீரென்று வெளியேறியதற்கான அடையாளம் அது. பிறகு பிரித்தானியாவின் ஃபார்ன்பரோவில் வேறொரு கொமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பறக்கும்போது அழுத்தம் ஏறி இறங்குவது போலவே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார்கள். அது முன்பு உண்மையில் பறந்தவற்றையும் சேர்த்து, சுமார் 3,000 பறப்புகளுக்குச் சமமான அழுத்தத்தில் அறைச் சுவர் பிளந்தது. கடலிலிருந்து எடுத்த இறக்கையில் உடற்பகுதியின் நீல நிறப் பூச்சு உரசியிருந்தது. அப்படியென்றால் இறக்கை உடைவதற்கு முன்பே அறை வெடித்திருக்கிறது. மீனவர்கள் இல்லாவிட்டால் எங்கே தேடுவதென்றே தெரிந்திருக்காது. அவர்களின் சொல் மட்டும் இருந்திருந்தால் உலோகச் சோர்வு, அதாவது அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி உலோகம் வலுவிழப்பது என்ற காரணம் வெளியே வந்திருக்காது.

கறுப்புப் பெட்டியைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்று விமானத்தின் வேகம், உயரம், சுக்கான் அசைவு போன்றவற்றைப் பதிகிறது. மற்றது விமானி அறையின் ஒலியைப் பதிகிறது. செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். கடலில் விழுந்தால் அதனோடு இணைந்த கருவி ஒலித்துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். கடலிலிருந்து எடுத்தவுடன் அதைக் காயவைக்கக் கூடாது, உப்பு அரித்துவிடும். நல்ல தண்ணீரில் அமிழ்த்தியபடியே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

உலோகம் சொல்லாதவை

இவ்வளவும் வாசித்துவிட்டு "அப்படியென்றால் கண்டவன் சொல் செல்லாது" என்று யாராவது முடிவு செய்தால் நான் எழுதியது வீண். 1989 ஜனவரி 8ஆம் திகதி இங்கிலாந்தின் கெக்வேர்த் அருகே ஒரு போயிங் 737 விழுந்து 47 பேர் இறந்தார்கள். பழுதானது இடது எஞ்சின். விமானிகள் தவறுதலாக நல்ல நிலையில் இருந்த வலது எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். தலைமை விமானி ஒலிபெருக்கியில் வலது எஞ்சின் என்று அறிவித்தபோது, இடது பக்கச் சுவாலையை யன்னல் வழியே கண்ட பயணிகள் உள்ளே இருந்தார்கள். விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். அன்று சரியாகக் கண்டது சாதாரணப் பயணிகளின் கண்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இன்னொன்று. 1991இல் கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் 1994இல் பிட்ஸ்பேர்க் அருகேயும் இரண்டு போயிங் 737 விமானங்கள் திடீரென்று புரண்டு விழுந்தன. முதலாவதில் 25 பேர், இரண்டாவதில் 132 பேர் இறந்தார்கள். சுக்கானை இயக்கும் வால்வு சிக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது, ஆனால் வால்வில் சிக்கியதற்கான கீறல் எதுவும் இல்லை. உலோகம் மௌனமாக இருந்தது. 1996 ஜூனில் ஈஸ்ட்விண்ட் என்ற நிறுவனத்தின் அதே ரக விமானம் வானில் தானாகப் புரள முயன்றது. இம்முறை விமானம் தப்பியது, விமானிகள் உயிரோடு வந்து தாங்கள் உணர்ந்ததைச் சொன்னார்கள். அந்தச் சாட்சியமும் பிறகு ஆய்வுகூடத்தில் வால்வைக் கடுங்குளிரில் வைத்துச் சூடான திரவம் செலுத்திச் செய்த சோதனையும் சேர்ந்துதான் முடிச்சை அவிழ்த்தன. வால்வு தடயம் விடாமலே சிக்கி, சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பக்கூடியது என்று தெரியவந்தது.

நோக்கம் என்ற ஒன்றையும் உலோகம் சொல்லாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அவற்றில் ஒன்று சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விழுந்தது. அந்தத் தாங்கியின் உருகிய எச்சம் இன்றும் அங்கே இருக்கிறது. விமானி வேண்டுமென்றே மோதினார் என்பது ஊரில் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. எரிந்து மடிந்த இரும்பு, வெப்பம் எவ்வளவு, மோதல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லக்கூடும். சுடப்பட்டுக் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தாரா, தீர்மானித்து மோதினாரா என்பதை அந்த இரும்பிடம் கேட்டுப் பயன் இல்லை. கேள்விக்கேற்ற சாட்சியைத் தேட வேண்டும்.

எடைபோடுவது

சரி, இரண்டும் முரண்பட்டால்? எண்ணிக்கை பார்த்து முடிவெடுப்பதில்லை. 200 பேர் ஒன்றைச் சொன்னாலும், அவர்கள் எல்லோரும் ஒரே செய்தியைக் கேட்ட பிறகு சொல்லியிருந்தால் அது ஒரு சாட்சியம்தான். வெவ்வேறு இடங்களில் நின்ற, ஒருவரோடொருவர் பேசாத மூன்று பேர் ஒன்றைச் சொன்னால் அது மூன்று. சாட்சியத்தை முழுதாக ஏற்பதோ முழுதாக எறிவதோ இல்லை, பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். திசை, நேரம், நிறம், சத்தம் நின்றதா தொடர்ந்ததா என்பவை கண்டவை. "ஏவுகணை", "குண்டு", "எஞ்சின் கோளாறு" என்பவை கண்டவர் எடுத்த முடிவுகள். முதல் வகைக்கு மதிப்பு அதிகம்.

நிலாவெளி உதாரணத்துக்கு வந்தால், மூன்று பேரும் காட்டிய திசைகளை வரைபடத்தில் கோடாக இழுத்தால் அவை வெட்டும் இடத்தைச் சுற்றித் தேடலைத் தொடங்கலாம். கோயில் மலைக்காரர் சொன்ன "வெடிப்புச் சத்தம்" எப்போது கேட்டது என்பதிலிருந்து 35 வினாடியைக் கழித்தால் விமானம் கடலில் மோதிய நேரம் வருகிறதா என்று பார்க்கலாம். பொருந்தினால் அவர் கேட்டது வானில் நடந்த வெடிப்பு அல்ல, மோதல் ஒலி. தவறு என்று தள்ளப்படக்கூடிய வாக்குமூலம் நேரத்தைத் துல்லியமாகத் தரும் சான்றாகிவிடுகிறது.

காணொளி இருந்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைக்கிறோம். 2025 ஜூன் 12ஆம் திகதி அகமதாபாத்தில் எயார் இந்தியா 171 விழுந்த காணொளியை உலகமே பார்த்தது. இறக்கையின் மடல்களை விமானிகள் விரிக்கவே இல்லை என்று பலர் அடித்துச் சொன்னார்கள், பறவைகள் மோதியது என்றும் சொன்னார்கள். முதற்கட்ட அறிக்கை வந்தபோது, மடல்களை இயக்கும், தீயில் கருகிய நெம்புகோல் வழக்கமான கிளம்புதலுக்குரிய 5 பாகை நிலையிலேயே இறுகி நின்றது தெரிந்தது. பறவைகளின் நடமாட்டமும் குறிப்பிடும்படி இல்லை. எரிபொருள் ஆளிகள் இரண்டும் ஒரு வினாடி இடைவெளியில் நிறுத்து நிலைக்கு மாறியதைப் பதிவுப் பெட்டி காட்டியது. ஏன் மாறின என்பதை அந்த முதற்கட்ட அறிக்கை முடிவு செய்யவில்லை. செய்யாமல் விட்டது சரியான செயல்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒன்றைத் தவிர்க்க முடியாது. பௌதிகச் சான்று என்றவுடன் அது அதிகாரத்தின் பக்கம் நிற்கும், சாட்சி என்றால் சாதாரண மக்கள் என்று நம்மில் பலருக்கு ஒரு மனப்பதிவு இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டின. பிரேதப் பரிசோதனையும் அதையே சொன்னது. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காயம் யாருக்கும் பயந்து தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கண்டவர்களின் வாயை அடைக்கலாம் என்ற நிலைமையில்தான் பொருள்சார்ந்த சான்றின் அருமை அதிகம். ஆகவே அது நமக்கு எதிரானது என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். யார் அதைச் சேகரிக்கிறார், யார் அதைப் பாதுகாக்கிறார், வெளியார் சரிபார்க்க முடிகிறதா என்ற கேள்விகளைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

ஒரு விபத்தை நீங்களே காண நேர்ந்தால், முதலில் உயிர்காக்கும் வேலை. அது முடிந்ததும், மற்றவர்களோடு பேசுவதற்கு முன்பே கண்டதை எழுதிவையுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் உங்கள் குரலில் பதிந்துவையுங்கள். நின்ற இடம், பார்த்த திசை, நேரம், முதலில் கண்டதா கேட்டதா என்பது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். படம் எடுத்திருந்தால் வெட்டாமல், எழுத்துச் சேர்க்காமல் மூலப் பிரதியை வைத்திருங்கள். கடலில் வலையில் ஏதாவது துண்டு அகப்பட்டால் இடத்தை ஜீ.பி.எஸ்ஸில் குறித்து, கழுவாமல், தேய்க்காமல், நிமிர்த்தாமல் ஒப்படையுங்கள். அழுக்கு என்று நீங்கள் துடைக்கும் கரி, தீ எப்போது பிடித்தது என்ற கேள்விக்கு விடையாக இருக்கலாம்.

பயணிகள் விமானங்களின் விசாரணை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான 1944 சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பின்படி நடக்கிறது. எதிர்கால விபத்தைத் தடுப்பதே அதன் ஒரே நோக்கம், யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலையில் சேராது. 30 நாளில் முதற்கட்ட அறிக்கை, முடிந்தால் 12 மாதத்துக்குள் இறுதி அறிக்கை. படைத்துறை விமானங்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. சீனன்குடாப் பயிற்சி விமானம் போன்றவற்றை விமானப்படையே குழு அமைத்து விசாரிக்கும். இறுதி அறிக்கை ஒன்று கையில் கிடைத்தால் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள். முதல் பகுதியில் சேகரித்த விபரங்கள் இருக்கும், சாட்சிகள் சொன்னதும் அங்கேதான். இரண்டாவது பகுதி ஆய்வு. கண்டவர்கள் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அந்தப் பகுதியில் தேடிப் பாருங்கள். காரணம் சொல்லாமல் சாட்சிகளை ஒதுக்கியிருந்தால் அந்த அறிக்கையைக் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.